எஞ்சின் கோணலா, எங்கள் கண் கோணலா?

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களைக் குழப்பிய ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘குறூக்’. ஊரில் நாங்கள் படித்த ஆங்கிலத்தில் குறூக் என்றால் கள்ளன், ‘குறூக்கெட்’ என்றால் கோணல். இங்கேயோ சுகமில்லாத ஆளையும் குறூக் என்பார்கள், பழுதான சாமானையும் குறூக் என்பார்கள். தொழிற்சாலையில் எங்களோடு நின்ற வெள்ளைக்காரர் ஒருநாள் “நான் இன்றைக்குக் குறூக்” என்றபோது, மனுசன் ஏன் தன்னைத் தானே கள்ளன் என்கிறார் என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருக்குக் காய்ச்சல்.

இந்தக் கதையும் அதே சொல்லோடுதான் தொடங்கியது. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தன் பழைய காரின் எஞ்சின் குறூக் என்றார். நாங்கள் கோணல் என்று விளங்கிக்கொண்டோம். அவர் சொன்னது பழுது என்று. ஆனால் பொனற்றைத் திறந்து பார்த்தபோது எஞ்சின் உண்மையாகவே கோணலாகத்தான் இருந்தது.

நாங்கள் மெல்பேர்ணில், டண்டினோங்கில், ஒரே வீட்டில் நான்கு பேர். மூவர் முப்பதுகளில் இருக்கிறோம். நான்காமவர் ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் அவரை அண்ணை என்றே கூப்பிடுவோம். நான்கு பேரும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறோம். பின்னேர வேலை முடிய இரவு இரண்டு மணியாகும். அந்த நேரத்தில் பஸ் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நடை. குளிர்காலத்தில் அந்த நடை எப்படி இருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. கார் ஒன்று வேண்டும் என்பது எங்களுக்கு ஆசையல்ல, தேவை.

அந்த அம்மா 1950களில் சிறுமியாக இத்தாலியிலிருந்து வந்தவர். காலமான அவருடைய கணவர் டண்டினோங்கில் 1956இல் திறந்த ஹோல்டன் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். அந்தத் தொழிற்சாலைக்கென்றே ‘ஜெனரல் மோட்டர்ஸ்’ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருந்தது. 2002இல்தான் அதை மூடினார்கள். பகல் முழுக்க ஹோல்டன் செய்துவிட்டுப் பின்னேரம் மொறிஸ் மைனரில் வீட்டுக்கு வருவார் என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார். கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. எஞ்சின் 948 சிசி. இங்கிலாந்தில் 1948இல் வெளிவந்து, பத்து லட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் இதுதான். அவுஸ்திரேலியாவில் இந்தக் கார்களைச் சிட்னியில், செற்லண்ட் என்ற இடத்தில், முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்த நிலத்தில் எழுப்பிய தொழிற்சாலையில் பூட்டினார்கள். 1975இல் அதுவும் மூடப்பட்டது. 2017 ஒக்ரோபரில் ரொயோட்டாவும் ஹோல்டனும் கடைசிக் காரை இறக்கியதோடு, இந்த நாட்டில் பெரிய அளவில் கார் செய்வதே நின்றுபோனது.

அந்த அம்மா காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவர்கள் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சின் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது, எப்போதோ அடிபட்டுச் செசி வளைந்திருக்கிறது, திருத்துகிற காசுக்கு வேறு கார் வாங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக்கு எடுப்பவர் 300 டொலர் தருவதாகச் சொன்னாராம். “அதே காசைத் தந்துவிட்டு நீங்களே எடுங்கள், உதிரிப்பாகமாவது உதவும்” என்றார் எங்களிடம்.

300 டொலருக்கு ஒரு கார்! எங்களில் ஒருவருக்கு அன்றிரவே காசை எண்ணிக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது. அண்ணைதான் தடுத்தார்.

“தம்பியவை, அவசரப்படாதேங்கோ. முதல்ல எது கோணலெண்டு பாப்பம். கார் கோணலா, நிலம் கோணலா, எங்கட கண் கோணலா?”

பெட்டி அடுக்குகிற அண்ணையின் பழைய தொழில் எங்களுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரியவந்தது. 1990இல் மீண்டும் போர் தொடங்கி வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்த காலத்தில், அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் கையாள். பெற்றோல் தடைப்பட்ட பொருள். புதிய கார்கள் எல்லாம் தறப்பாளுக்குக் கீழே கிடந்தன. ஓடியவை ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கிழட்டுக் கார்கள்தான். காரணம், அந்தப் பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு. அதனால் மண்ணெண்ணெயையும் எரிக்கும். சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஊரெல்லாம் வெள்ளைப் புகை. அந்த மணம் எங்கள் மூவருக்கும் சின்ன வயது ஞாபகம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும் என்பதும், எஞ்சினைத் தாங்குகிற றப்பர் போனால் பழைய ரயரை வெட்டி வைப்பார்கள் என்பதும் அண்ணை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதே காலத்தில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்குப் புதிய உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஒரே தீவுதான்.

சனிக்கிழமை காலை அந்த அம்மாவின் அனுமதியோடு நால்வரும் காருக்குப் பக்கத்தில் நின்றோம்.

அண்ணையின் முதல் கேள்வி, இந்த எஞ்சின் நேராக நிற்க வேண்டியதுதானா என்பது. கேள்வி எங்களுக்குப் புதுமையாக இருந்தது. சில கார்களில் எஞ்சினைச் சரித்தே வைத்துச் செய்திருக்கிறார்கள். 1962இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்த கிறைஸ்லர் வலியன்ற் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சின் 30 பாகை சரிந்தது. பேஜோ 404இல் 45 பாகை. பொனற்றைத் தாழ்வாக வைக்கவும், பக்கத்தில் குழாய்களுக்கு இடம் விடவும் அப்படிச் செய்தார்கள். அதை நேராக்க வெளிக்கிட்டால் நாங்கள்தான் கோணல். மொறிஸ் மைனர் அப்படியல்ல. முன்னாலிருந்து பார்க்க அதன் எஞ்சின் நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்க்கும்போது பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் அது கோணலல்ல.

இரண்டாவது, நிலம். அந்த அம்மாவின் வீட்டு வாசல் றோட்டுப் பக்கம் சரிவு. காரைத் தள்ளிக்கொண்டுபோய்க் கராஜுக்குள் சீமெந்து நிலத்தில் விட்டோம். நான்கு ரயருக்கும் ஒரே அளவு காற்று அடித்தோம். பிறகு மேசன்மாரின் நீர்மட்டத்தைப் பொனற் அமரும் இரண்டு விளிம்புக்கும் குறுக்கே ஒரு நேர்ப்பலகை போட்டு அதில் வைத்தோம். உடம்பு மட்டம். அதே நீர்மட்டத்தை எஞ்சினின் தலைப்பகுதியில் குறுக்கே வைத்தோம். குமிழி வலப்பக்கம் ஓடியது. இடப்பக்கம் தாழ்வு. மைனரின் முன்பக்கத்தில் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் இருக்கும். அதில் ஒன்று தளர்ந்தால் முழுக் காரும் ஒரு பக்கம் சாயும், எஞ்சினும் சேர்ந்தே சாயும். இங்கே உடம்பு நேர், எஞ்சின் மட்டும் சரிவு. ஆகவே கம்பியில் குற்றமில்லை.

மூன்றாவதுதான் பெரிய கேள்வி. செசி வளைந்ததா? இதற்கு அண்ணை பாவித்தது ஒரு நூல், ஒரு நட்டு, ஒரு வெண்கட்டி, ஒரு அளவு நாடா. நூலில் நட்டைக் கட்டித் தூக்குநூல் ஆக்கினார். செசியின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என, இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய நான்கு துளைகளிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நட்டு நிலத்தைத் தொட்ட இடத்தில் புள்ளி வைத்தோம். பிறகு காரைத் தள்ளி எடுத்துவிட்டு, குறுக்கு மூலைக்கு மூலை அளந்தோம். செசி அடிபட்டு வளைந்திருந்தால் ஒரு மூலைவிட்டம் நீளும், மற்றது குறுகும். எங்களுக்கு வந்த வித்தியாசம் மூன்று மில்லிமீற்றருக்குள். மூன்று தரம் அளந்தோம்.

“செசி நேர்” என்றார் அண்ணை. அறுபது வருடத்துக்கு மேலான கார். பள்ளிக்கூடத்தில் படித்த கேத்திரகணிதம் இதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

மிச்சம் இருந்தது, எஞ்சினைத் தாங்குகிற றப்பர். மைனரில் முன்னால் இடமும் வலமும் ஒவ்வொன்று, பின்னால் கியர்பொக்ஸுக்குக் கீழே தாங்கல். இரும்பில் ஒட்டிய றப்பர்க் கட்டைகள்தான். வலப்பக்கத்து றப்பர் காய்ந்து வெடித்திருந்தாலும் உயரம் குறையவில்லை. இடப்பக்கம் பதினைந்து மில்லிமீற்றர் அமர்ந்து, களியாகி, இரும்பிலிருந்து கழன்றிருந்தது. ஏன் இடப்பக்கம் மட்டும்? அதற்கும் காரணம் இருந்தது. இந்த எஞ்சினில் புகை வெளியேறும் சூடான குழாய் இடப்பக்கம். அதற்குக் கீழே உள்ள இரண்டு சின்ன மூடிகளிலிருந்து ஒயில் கசிவது இந்த வகை எஞ்சினின் பழைய வியாதி. சூடும் ஒயிலும் சேர்ந்து வருடக்கணக்காக அந்த றப்பரைத் தின்றிருக்கின்றன.

அதற்குப் பிறகு மற்ற நோய்க்குறிகள் எல்லாம் தாமாகவே விளங்கின. விசிறி றேடியேற்றருக்கு நடுவில் நிற்கவில்லை. சைலன்சர்க் குழாய் தரையைத் தட்டி உறுமியது. கிளச் விடும்போது கார் நடுங்கியது. மைனரில் கிளச்சை இழுக்கும் கம்பி செசிக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையில் இருப்பதால், எஞ்சின் அசைந்தால் கிளச்சும் அசையும். கடைசியாக அண்ணை எஞ்சினுக்குக் கீழே ஒரு பலகை வைத்து, ஜக்கால் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கத்தை உயர்த்தினார். பதினைந்து மில்லிமீற்றர். எஞ்சின் நிமிர்ந்தது. விசிறி நடுவுக்கு வந்தது. குழாய் தரையை விட்டது. நாங்கள் பொனற்றை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

இனித்தான் உண்மையான கோணல் தொடங்கியது.

இரவு சாப்பாட்டில் கணக்குப் போட்டோம். இரண்டு றப்பர், மூடிகளுக்குக் கஸ்கெற், எல்லாம் நூறு டொலருக்குள் முடியும். மைனருக்கு இன்றைக்கும் புதிய பாகங்கள் கிடைக்கின்றன. நிமிர்த்தி ஓடவிட்டால் பழைய கார் ஆசைக்காரர் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குவார்கள். எங்களில் ஒருவர் சொன்னார், “விலையைச் சொன்னது அவதான். நாங்கள் பொய் ஒண்டும் சொல்லேல்ல. கேட்டால் சொல்லுவம், கேக்காட்டில் ஏன் சொல்லவேணும்?” மற்றவர் வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததும் ஒரு விருப்பம்தான். நாங்கள் மூவரும் மனதுக்குள் 300 டொலர்க் காரில் வேலைக்குப் போய் வந்துவிட்டோம்.

அண்ணை கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்த நாள். எங்கள் மூவரையும் தாய்மார் கையில் பிடித்தும் இடுப்பில் தூக்கியும் நடந்த அதே றோட்டு, அதே மழை. அவர் தென்மராட்சிப் பக்கம் ஒரு முதலாளியோடு ஒண்டிக்கொண்டு வேலை செய்தார். ஒரு குடும்பம் நின்றுபோன ஏ40 காரைத் தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே நடக்க முடியாத ஒரு கிழவர். முதலாளி பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எஞ்சின் முடிந்தது, இரும்பு விலைக்குத்தான் எடுக்கலாம் என்றார். டிஸ்ரிபியூற்றருக்குள் மழைத்தண்ணீர் போயிருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. மூடியைக் கழற்றித் துணியால் துடைத்தால் போதும். கையாளாகப் பக்கத்தில் நின்ற அண்ணைக்கு அது தெரியும்.

“நான் ஒண்டும் சொல்லேல்ல, தம்பியவை. எனக்கு வேலை வேணும். அதுகள் காசை வாங்கிக்கொண்டு, கிழவரை ஒரு சைக்கிள்ல இருத்தி உருட்டிக்கொண்டு போச்சுதுகள். நானும் பொய் சொல்லேல்லத்தான்.”

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் பேசவில்லை.

ஞாயிறு காலை அந்த அம்மாவைக் கராஜுக்குக் கூப்பிட்டோம். எங்கள் ஆங்கிலம் அந்தளவுக்குப் போதாது. ஆனபடியால் ஜக்கைக் கொண்டே பேசினோம். நீர்மட்டத்தை எஞ்சினின் தலையில் வைத்தோம், அண்ணை ஜக்கை மெல்ல உயர்த்தினார், குமிழி நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றது. களியான றப்பரைத் தொட்டுக் காட்டினோம். நிலத்தில் வெண்கட்டிப் புள்ளிகளைக் காட்டி, செசி நேர் என்றோம். அவர் நீண்ட நேரம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அப்படியென்றால் அவர் காரை எங்கேயும் இடிக்கவில்லை” என்றார். கராஜில் செசி வளைந்தது என்று சொன்ன நாளிலிருந்து, கணவர் கடைசிக் காலத்தில் தனக்குத் தெரியாமல் எங்கேயோ மோதியிருக்கிறார், யாரையும் அடித்தாரோ தெரியாது என்ற பயம் அவருக்கு இருந்திருக்கிறது. எங்களுக்குப் பதினைந்து மில்லிமீற்றராக இருந்தது அவருக்கு வேறொன்றாக இருந்தது.

காரை அவர் விற்கவில்லை. பேரனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அடுத்த கிழமை பாகங்கள் வந்ததும் நாங்களே திருத்திக் கொடுத்தோம். முதலில் ஒயில் கசிவை அடைத்தோம். அதைச் செய்யாமல் றப்பரை மாற்றினால் புதியதும் அதே வழியில்தான் போகும். ஒன்று நல்லதாகத் தெரிந்தாலும் இரண்டு றப்பரையும் சேர்த்தே மாற்றினோம். மிக முக்கியமானது, புதிய றப்பர் பூட்டியதும் ஒரு பக்கத்தை இறுக்கிவிடக் கூடாது. எல்லா நட்டையும் தளர்வாக விட்டு, எஞ்சினைக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்து, அது தானாக அமர்ந்த பிறகு கடைசியாக இறுக்க வேண்டும். கோணலை ஸ்பனரால் இழுத்து நேராக்கினால் அந்த இழுவை வேறெங்கோ போய் முறியும். கார் எழும்பியபோது கிளச் நடுக்கமும் இல்லை, உறுமலும் இல்லை.

கூலி வாங்க அண்ணை மறுத்துவிட்டார். அந்த அம்மா கணவரின் ஸ்பனர்ப் பெட்டியைத் தூக்கி வந்து அவர் கையில் வைத்தார். எல்லாம் அங்குல அளவு. எங்களுக்குக் கிடைக்கக்கூடிய எந்தக் காருக்கும் பொருந்தாது. ஆனாலும் அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றை எடுத்துக் கறள் பிடிக்காமல் ஒயில் பூசி வைக்கிறார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் நடந்துதான் வீடு வந்தோம். வசந்தத்தில்தான் நால்வரும் காசு சேர்த்து ஒரு பழைய ரொயோட்டா கொறோலா வாங்கினோம். புதிதாக வந்து பழைய கார் தேடும் குடும்பங்களுக்கு, நாங்கள் பட்டறிந்ததைச் சொல்லி முடிக்கிறோம்.

வாங்கப்போகும் காரைப் பகல் வெளிச்சத்தில், மட்டமான நிலத்தில் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பொனற்றைத் திறந்துவிட்டு, ஒருவர் பிறேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றட்டும். மற்றவர் காருக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எஞ்சின் துள்ளி எழும்பினால் தாங்கல் றப்பர் போய்விட்டது. இப்போதைய கார்களில் இப்படி மூன்று நான்கு தாங்கல்கள் இருக்கும். சிவப்பு வெளிச்சத்தில் நிற்கும்போது ஸ்ரியரிங் நடுங்கினால் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்குக் கீழே போகவேண்டாம். விக்டோரியாவில் பதிவுள்ள காரைக் கைமாற்றும்போது கேட்கும் ‘றோட்வேர்தி’ பத்திரம் 30 நாளுக்குத்தான் செல்லும். அது பாதுகாப்புக்கான சோதனை மட்டுமே, எஞ்சின் நல்லது என்ற உத்தரவாதமல்ல. சிட்னியில் இருப்பவர்கள் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு வருடாவருடம் ‘பிங்க் சிலிப்’ எடுக்க வேண்டும்.

ஒருவர் பார்த்த பார்வையிலேயே ‘முடிந்தது’ என்று சொன்னால், இன்னொருவரிடமும் காட்டுங்கள். அளந்து பாராமல் சொல்லும் தீர்ப்பு காருக்கும் சரியில்லை, ஆளுக்கும் சரியில்லை. அதேபோல நீங்கள் அளந்து ஒன்றைக் கண்டுபிடித்தால், அதைச் சொந்தக்காரருக்கும் சொல்லிவிடுங்கள். நடந்து வீடு வருவது கஷ்டம்தான். ஆனால் நாங்கள் நடந்து வந்த அந்த இரவுகளில் அண்ணை முன்னைவிட நிமிர்ந்து நடந்ததை நாங்கள் பார்த்தோம்.